குழாய்க்காரர் வீட்டு ஆங்கிலம்

எங்கள் தெருவில் அவளைப் போன்காரம்மா என்றுதான் சொல்வோம். கணவர் பிளம்பர். ஊரில் பல மொழிக்காரர்கள் குடியிருப்பதால் வேலைக்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அவருக்கு அதில் பெரிய சிக்கல் இல்லை. முக்கால்வாசியைக் கை ஜாடையிலேயே முடித்துவிடுவார். ஆனால் கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மனிதர் போனை எப்படி எடுப்பார்? மணி அடித்து ஓய்வதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் இன்னொரு போன் வாங்கி மனைவி கையில் கொடுத்தார்.

"பேரு, வீட்டு நம்பர், என்ன கோளாறு. இந்த மூணையும் கேட்டு எனக்குச் சொல்லு. அவ்வளவுதான்."

அவள் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள்தான். தேர்வில் தேறுகிற அளவுக்கு எழுதுவாள். யாரும் பேசிக் கேட்டதில்லை. பைப், டேப், சிங்க் எல்லாம் வீட்டில் நாளும் புழங்குகிற சொற்கள்தானே என்ற துணிச்சலில் ஆரம்பித்தாள். சில வாரம் வண்டி ஓடியது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் மூச்சிரைக்க அழைத்தாள். அவள் கொட்டியதில் கட்டடத்தின் பெயர் பிடிபட்டது. மீதியில் 'பைப்', 'பர்ஸ்ட்', 'ஃப்ளோர்' என்ற மூன்று சொற்கள் மட்டும் காதில் தங்கின. பர்ஸ்ட் என்றால் முதல், ஃப்ளோர் என்றால் மாடி என்று கணக்குப் போட்டு, முதல் மாடி என்று கணவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் போய் முதல் மாடிக் கதவைத் தட்டினார். வாயில் பிரஷ்ஷோடு வந்த ஒருவர், இங்கே ஒன்றும் கோளாறு இல்லை என்று கதவைச் சாத்தினார். பிளம்பர் படியிறங்கி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்ததோ நாலாம் மாடியில். பைப் வெடித்துவிட்டது என்பதைத்தான் அந்தப் பெண் பர்ஸ்ட் என்று சொல்லியிருக்கிறாள். அவள் மறுபடி மறுபடி அழைத்துக் கத்தியபோதும் போன்காரம்மா, "யெஸ், யெஸ், கமிங்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர்கள் வேறு ஆளை அழைத்துக்கொண்டார்கள். அதற்குள் மரத்தரை ஊறி உப்பிவிட்டது. அந்தக் கட்டடத்தின் பக்கம் பிளம்பர் தலைகாட்ட முடியாமல் போனது.

சாயங்காலம் விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"விடு. உனக்கு இது சரிப்படாது. போனை நானே வச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"அவங்க சொன்னது எனக்குப் புரியல. புரியாமலே சரி சரின்னேன். தப்புதான். ஆனா போனைத் தரமாட்டேன்."

"இன்னொரு வீடு முழுகினா?"

"முழுகாது."

சொல்லிவிட்டுப் போனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றாட ஆங்கிலச் சொற்களைச் சொல்லித்தரும் படப்புத்தகம் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தாள். பழங்கள், விலங்குகள், நிறங்கள் என்று பக்கம் பக்கமாகப் போனது. ஒட்டகத்துக்கு ஆங்கிலம் இருந்தது, ஒழுகுவதற்கு இல்லை. "ஒட்டகம் அடைச்சுக்கிச்சுன்னு யாரு நம்மள கூப்பிடப் போறாங்க?" என்று மூடி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு, கருவிப் பையைத் தூக்குகிற சாக்கில் கணவரோடு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவர் வேலையில் இறங்கியதும் வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொள்வாள். "வாட் ப்ராப்ளம்? ஒன்ஸ் மோர், ப்ளீஸ்." முதலில் விநோதமாகப் பார்த்தவர்கள், பிறகு ஆசையோடு சொல்லிக்கொடுத்தார்கள். சொட்டினால் டிரிப். கசிந்தால் லீக். தொட்டி நிரம்பி வழிந்தால் ஓவர்ஃப்ளோ. அடைத்துக்கொண்டால் கிளாக். கடிகாரமும் கிளாக்தானே என்று அவள் குழம்பினாள். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. காதில் விழும்போதுதான் கடைசி ஒலி மென்மையா அழுத்தமா என்று தெரியும். அப்படியானால் கண்ணை நம்பிப் பயனில்லை, காதைத்தான் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கீழ்வீட்டில் அழகு நிலையம் வைத்திருக்கும் பெண் நாளெல்லாம் ஆங்கிலத்தில் பேசுகிறவள். போன்காரம்மா நேரே போய் உதவி கேட்டாள்.

"கடையில ஆள் இல்லாத நேரம் எனக்குப் போன் பண்ணு. வீட்ல தண்ணி பூந்துடுச்சுன்னு சொல்லு. வேகமா பேசு, திட்டு, அழு. எல்லாம் பண்ணு."

"அழுதா கண்மை கலைஞ்சிடும்க்கா. திட்றேன்."

அவள் திட்டுவதில் கெட்டிக்காரி. ஒரு நாள் மதியம் பிளம்பர் சாப்பிட வந்தபோது, ஸ்பீக்கரில் ஒரு குரல் அவருடைய வேலையை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் போனைப் பிடுங்கி, "சாரி மேடம், வெரி வெரி சாரி மேடம்" என்று குழைந்தார்.

"அண்ணா, நான்தான், கீழ்வீடு" என்றது குரல்.

சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் சாப்பிட உட்கார்ந்தவர், கை கழுவும்போது, "சரி, வச்சுக்கோ" என்றார்.

இந்த ஒத்திகையில் அவளுக்கு ஒன்று தெளிந்தது. எதிராளி பேசுகிற எல்லாமும் என்றைக்கும் புரியப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்பது தன் கையில் இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா? நின்றிருக்கிறதா, ஓடுகிறதா? எத்தனையாவது மாடி? ஒன்று, இரண்டு என்று தானே வரிசையாகச் சொல்லி, சரியான மாடி வந்ததும் எதிராளியை நிறுத்தச் சொல்வாள். புரியாவிட்டால் வெட்கப்படாமல், "நாட் அண்டர்ஸ்டாண்ட். ஸ்லோ" என்பாள்.

மழை பிடித்த ஒரு நாள். கணவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். போனில் ஒரு ஆள் அலறினார். கிச்சன் என்றார், பர்ஸ்ட் என்றார். இந்த முறை அது முதல் அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நடுநடுவே, "பிஸ்கட், பிஸ்கட்" என்றும் கத்தினார். வீடு மிதக்கும்போது இவருக்கு எதற்கு பிஸ்கட்? அவள் அதை ஒதுக்கி வைத்தாள்.

"சார், ஸ்டாப். லிசன். மெயின் வால்வ். சிங்க் கீழ, லுக்." பதற்றத்தில் தமிழும் கலந்துவிட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, தேடுகிற சத்தம் கேட்டது.

"ரவுண்ட்? ரெட்? குட். டர்ன். ரைட் சைட்."

வால்வு இறுகியிருக்கிறதென்று குரலிலேயே தெரிந்தது.

"டவல், சார். புட் டவல். டர்ன். ஹார்ட். மோர் ஹார்ட்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அருவி மாதிரி கேட்ட இரைச்சல் மெலிந்தது. பிறகு சொட்டுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நன்றி மேல் நன்றி சொன்னார். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"சார், ஹவுஸ் நம்பர் ப்ளீஸ்."

பிளம்பர் போய்ப் பைப்பை மாற்றிவிட்டு வந்தார். தரையைத் துடைத்தாலே போதும் என்கிற அளவில்தான் சேதம்.

"பாதி வேலைய நீயே முடிச்சிட்ட" என்றார்.

"அந்த ஆளு பிஸ்கட் எதுக்குக் கேட்டாரு?"

"அது அவங்க பூனையோட பேரு. தண்ணிக்குப் பயந்து அலமாரி மேல ஏறி உக்காந்துட்டு இறங்கவே இல்ல."

இன்று பிளம்பரிடம் இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எங்கே போனாலும், வீட்டுக்காரர் பேசுவது பிடிபடாவிட்டால் மூவரும் அவளுக்குத்தான் போன் போட்டு அவர் கையில் கொடுக்கிறார்கள். போன மாதம் பெரிய குடியிருப்பு ஒன்றில் ஆண்டு முழுவதற்கும் பராமரிப்புக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, அவளே நிர்வாகக் குழுவைப் பார்க்கப் போனாள். கணவர் வெளியே வண்டியில் காத்திருந்தார். எனக்கு அழகாகப் பேச வராது, ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறவரை கேட்பேன், புரியாமல் ஆளை அனுப்பமாட்டேன் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்னபடியே நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டதில் கூட்டம் நீண்டுவிட்டது.

வெளியே வந்தபோது கணவர் வண்டியின் மேல் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. திங்கக்கிழமை காலைல மொட்டைமாடித் தொட்டியப் பாக்கணுமாம். ஏணி அங்கேயே இருக்கு, கேட்டுட்டேன்" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.