அக்கா பார்த்த சினிமாவும் அண்ணன் அடித்த வரிகளும்

எங்கள் அக்கா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டார். மூன்று பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், அக்கா நடுவில், நான் கடைசி. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் அடித்திருந்தது. சினிமா என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கோடு. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், ‘ஓய்வு நேரத்தில் கலை ஆர்வமும் உடையவர்’ என்று அண்ணனின் அழகான ஆபீஸ் கையெழுத்தில் ஒரு வரி.

எனக்கு வந்த கோபத்தில் உடனே போன் செய்தேன். அண்ணன் நிதானமாகப் பேசினார். “தம்பி, இது சபையில குடுக்குற புஸ்தகம். பாஸ்டர் கைக்குப் போகும். ஒரு டீச்சரம்மாவப் பத்தி எழுதச் சொன்னா, பக்கத்துக்குப் பக்கம் சினிமான்னு எழுதி வச்சிருக்க” என்றார். இன்று சபையில் சினிமா பார்க்காதவர் யார், பாடகர் குழுவில் பாதிப் பேருக்குப் போன் அடித்தால் சினிமாப் பாட்டுத்தானே கேட்கிறது என்று கேட்டேன். அண்ணன் இருபது வருடமாகச் சபையின் செயலாளர். அவரிடம் வாதம் செய்து ஜெயித்தவர் கிடையாது. ‘நான் சொல்றதச் சொல்லிட்டேன்’ என்று வைத்துவிட்டார்.

அதனால் மறுபடி எழுதுகிறேன். இந்த முறையும் சினிமாவை விடப்போவதில்லை. அதை எடுத்துவிட்டால் அக்காவின் வாழ்க்கையில் பிறந்தார், பாடம் நடத்தினார், போனார் என்பதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

அக்கா பிறந்தது திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அப்பா அங்கே மிஷன் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். அக்காவுக்கு எட்டு வயதில் மதுரைக்கு வந்தோம். அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா இறந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும் சோறு போட்டதும் அக்காதான். படிப்பை முடித்து ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் இருந்தார். வரன்கள் வந்தன. அப்பாவையும் என்னையும் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் போட்டார். நான் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, நிமிர்ந்து பார்த்தபோது அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவின் சினிமாவைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சினிமா பாவம். ரேடியோவில் செய்தி முடிந்ததும் அப்பாவின் கை தானாக எழுந்து அதை அணைத்துவிடும். சுவரொட்டி ஒட்டிய சுவர் வந்தால் நாங்கள் சாலையின் அந்தப் பக்கம் பார்த்து நடக்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அக்கா தன் இருபத்தாறாவது வயதில் ஒரு சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போனார். தனியாகப் போனதாகத்தான் பிறகு சொன்னார்.

போய்வந்ததை ஒளிக்க முடிந்தது. பார்த்த கதையை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று அப்பா கேட்டு ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார். அன்றைக்கு அக்கா ஒரு பெயர் கொடுத்தார். ஸ்டெல்லா. தன்னுடன் வேலை செய்யும் டீச்சருக்குத் தெரிந்த பெண். புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன், கடிதம் இல்லை, கைக்குழந்தையோடு நிற்கிறாள். படத்தின் கதைதான் அது. பெயரை மட்டும் அக்கா மாற்றியிருந்தார்.

அப்பா அந்தப் பெண்ணுக்காக உருகி ஜெபித்தார். ஜெபித்ததோடு விடவில்லை, மறுநாள் கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள்? மாமனார் வீட்டில் இருக்கிறாளா, தனியாகவா? புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் ஒருவன் இருப்பானே, அவனைக் கேட்டால் தெரியாதா? படம் எடுத்தவர்கள் யோசிக்காத கேள்விகள் இவை. அக்கா தினமும் பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் பதில் யோசிக்கவேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்து, ஸ்டெல்லாவின் புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்று அக்கா சொன்னபோது அப்பா எங்களை முழங்கால் போடவைத்து நன்றி ஜெபம் செய்தார். நானும் போட்டேன். பக்கத்தில் அண்ணனும் போட்டார்.

ஸ்டெல்லாவுக்குப் பிறகு கண் தெரியாத ஒரு தம்பி வந்தான். திருவிழாவில் பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு நாள் அப்பா நோட்டை மூடிவிட்டு, “உங்க பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கு மட்டும் எப்புடிம்மா இம்புட்டுக் கஷ்டம் வருது?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான கவலை.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அந்த நாள் வந்தது. ஜெபத்தில் வாசிக்க அப்பா அக்காவின் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். உள்ளேயிருந்து சினிமா டிக்கெட்டின் பாதி விழுந்தது. யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான் என்றார் அக்கா. யாரோடு போனாய்? தனியாகத்தான். அப்பா சத்தம் போடவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

“அப்ப அந்த ஸ்டெல்லா?”

“அதுவும் படந்தாம்ப்பா.”

“அவ புருசன் வந்தானேம்மா.”

“படத்துல வரலப்பா. நீங்க அம்புட்டு ஜெபம் பண்றீங்களேன்னு நான் வர வச்சேன்.”

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் அவரே பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பிறர் சொல்லித் தெரியக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அக்கா உயிராக நடத்திக்கொண்டிருந்த ஞாயிறு பள்ளி வகுப்பை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். அந்த வகுப்பை அண்ணன் எடுத்தார். அந்த ஆண்டு முழுவதும் ஞாயிறு காலையில் அக்கா சமையலறையில் வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதைத்தான் அண்ணன் முதலில் அடித்திருந்தார்.

வகுப்பு திரும்பக் கிடைத்தது. சினிமாவையும் அக்கா விடவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தே போனார், அப்பா கேட்கவில்லை. ஆனால் அப்பா கேட்ட கேள்விகள் அக்காவிடம் தங்கிவிட்டன. நம்மைப்போல் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறவர் இல்லை அவர். எந்தப் படமானாலும் நடிப்பு, இடம், கதை, ஆட்கள் என்று பிரித்துப் போட்டு விசாரிப்பார்.

அவருடன் உட்கார்ந்து படம் பார்ப்பது எங்களுக்குப் பெரிய தொந்தரவு. இதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அழுகிறவளுக்கு முதலில் மூக்குத்தான் ஒழுகும், இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஒழுகவில்லை என்பார். கதாநாயகி டீச்சர் என்றால், இடைவேளை வரைக்கும் ஒரு நோட்டாவது திருத்தினாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நூறு பேரை அடிக்கிற காட்சியில், அந்த மூன்றாவது ஆளைப் பார், அடி வாங்கப்போவது தெரிந்து முன்னாலேயே கண்ணை மூடுகிறான் என்று காட்டுவார். அதற்குப் பிறகு கதாநாயகனை யார் பார்ப்பது? அம்மா பாத்திரத்துக்குப் பெயர் வைக்காத படங்களின் மேல் அவருக்குத் தனிக் கோபம் உண்டு.

மதுரையில் நடக்கிற படம் என்றால் கேட்கவே வேண்டாம். மாட்டுத்தாவணியில் ஓட ஆரம்பித்தவன் ஒரு சந்து திரும்பினால் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறான், அவன் எந்த பஸ்ஸில் ஏறினான் என்று கேட்பார். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு முடிந்தால் மறுநாள் ஆட்கள் பட்டறையைத் திறந்து வேலை பார்க்கிறார்கள், அதை ஒருத்தனும் எடுக்கமாட்டேன் என்கிறானே என்பார். அறுபது வருடம் இந்த ஊரில் இருந்தவர், அரிவாளை இளநீர்க் கடையில்தான் பார்த்திருக்கிறார். படத்தில் மதுரைக்காரன் வாயைத் திறந்தாலே அரிவாளைத் தூக்குகிறானே என்று அவர் பொருமியதை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் கேட்டிருப்பார்கள்.

என் ஆற்றாமை என்னவென்றால், இதில் ஒரு வரியைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை. கைபேசியில் எவனெவனோ முகத்தைக் காட்டி விமர்சனம் என்று உளறுகிறான், அக்கா எழுதினால் என்ன என்று எத்தனையோ தடவை கேட்டேன். கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் கடைசிவரை இருந்தார். அங்கே ஒரு நல்ல நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதில் என் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், எதிரில் ஆள் இல்லாமல் யாரிடம் சொல்வது என்றார். அப்படியே போய்விட்டார். இப்போது ஞாபகத்திலிருந்து நான் எழுதுகிறேன். அதிலும் பாதியை அடித்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி மாதங்களிலும் இதே பிடிவாதம்தான். வயிற்று வலியை வாயு என்று சொல்லிச் சொல்லியே தள்ளினார். எங்களை ஏமாற்றுகிற அளவுக்கு நடித்தார் என்று சொல்வேன், நான் வேண்டுமென்றே ஏமாந்தேன் என்றும் சொல்வேன். மருத்துவமனையில் சேர்த்தபோது நாள் கடந்துவிட்டது. அந்த அறையில் ஒரு டிவி. ஒரு மதியம் அதில் யாரோ ஒரு கதாநாயகி பத்து நிமிடமாகச் செத்துக்கொண்டிருந்தாள். அக்கா நர்ஸைக் கூப்பிட்டு, “அந்தப் பிள்ளைக்குத் தலை கலையல பாரு. எனக்கும் கொஞ்சம் சீவி விடும்மா” என்றார். அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே சீவிவிட்டு, வெளியே வந்து அழுதார். அதிலிருந்து நான்காம் நாள் அதிகாலை அக்கா போய்விட்டார்.

அந்த நர்ஸ் சகோதரிக்கு எங்கள் நன்றி. ரத்தம் தேவைப்பட்டபோது கேட்காமலே வந்து நின்ற அக்காவின் பழைய மாணவிகளுக்கும், இருபது நாள் என் மனைவியை அடுப்புப் பக்கம் போகவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டுச் சௌராஷ்டிரக் குடும்பத்துக்கும், அடக்க ஆராதனையை நடத்திய பாஸ்டர் அவர்களுக்கும், உடன் நின்ற சபையாருக்கும் நன்றி.

இங்கே கட்டுரையை முடித்து, இதுதான், ஒரு வரியையும் மாற்றமாட்டேன் என்று சொல்லி அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் சம்மதிக்காவிட்டால் இந்த மலரில் என் எழுத்தே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலை தாள்களோடு அண்ணனே வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். சண்டைக்குத் தயாராக நான் எதிரில் உட்கார்ந்தேன்.

எதையும் அடிக்கவில்லை என்றார் அண்ணன். ஒரே ஒரு இடம் தப்பாக இருக்கிறது, அதை மட்டும் திருத்தவேண்டும் என்றார். எது என்று கேட்டேன்.

“தனியாப் போனதா எழுதியிருக்க. அவ தனியாப் போகல தம்பி. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மொதப் படத்துக்கும் நாந்தான், டிக்கெட்டு விழுந்துச்சே அந்தப் படத்துக்கும் நாந்தான்.”

எங்கள் வீட்டுப் பெண் அந்தக் காலத்தில் தனியாகத் தியேட்டருக்குப் போய்வந்தார் என்று நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியிருக்கிறேன். கதையில் ஓட்டை எங்கே என்று தேடுவதையே வேலையாக வைத்திருந்தவருக்குத் தம்பி நான். ஒவ்வொன்றையும் துருவிக் கேட்ட அப்பாவும் ‘தனியாகத்தான்’ என்ற அந்தப் பதிலை மட்டும் துருவவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன், என் குரல் உயர்ந்துவிட்டது. அப்போதுதான் மிஷன் ஆபீஸில் தனக்கு வேலை ஆர்டர் வரவிருந்தது என்றும், உன் பேரைச் சொல்லமாட்டேன், நீயும் வாயைத் திறக்காதே என்று அக்கா சொன்னதாகவும் சொன்னார்.

“சொல்லாதன்னு அவ சொன்னா. நானும் சொல்லல. அவ வகுப்புப் பிள்ளைங்களுக்கு முன்னால ஒரு வருசம் நின்னு பாடம் எடுத்தேன்டா தம்பி. ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவ என்னையக் கேக்கல.”

எனக்குக் கோபம் தீரவில்லை. அண்ணன் மேலும் தீரவில்லை, அக்கா மேலும் தீரவில்லை. எத்தனையோ படத்தின் கதையை விடிய விடிய என்னிடம் பிரித்துப் போட்டவர், இதை மட்டும் சொல்லாமல் போயிருக்கிறார். இதைச் சபையார் கையில் கொடுக்கும் புத்தகத்தில் போடலாமா என்று அண்ணனையே கேட்டேன். போடத்தான் வந்தேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். அண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தார்.