கள்ளிப்புறாவுக்காக ஓர் ஆக்கிரமிப்பு

நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவுப்படி, புறம்போக்கை வளைத்திருப்பவரை அகற்றுமுன் நோட்டீஸ் தர வேண்டும். அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். தாலுகா ஆபீஸில் அந்த நோட்டீஸ்களை எழுதியே தலை நரைத்தவன் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஓய்வு பெற்று ஆரணியில் இருந்தேன். சித்திரை வெயிலில் ஊரே வாடிக் கிடக்க, எங்கள் தெருக்கோடிச் சப்பாத்திக்கள்ளி மட்டும் மஞ்சளாய்ப் பூத்துத் தள்ளியது. அதன் நடுவே ஒரு கள்ளிப்புறா முட்டையிட்டு அடைகாத்தது. கூட்டில் குச்சிகளோடு கழிவுப் பட்டு நூலும் கிடந்தது.

கள்ளியை வெட்ட நகராட்சி மேஸ்திரி அரிவாளும் ஆட்களுமாக வந்தார். மனு கொடுத்தவர் எதிர்வீட்டு நெசவுக்கார அம்மா. தறிக்கான நெடுக்கிழைப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டும்போது பட்டிழை முள்ளில் மாட்டி அறுகிறதாம். நியாயமான குறைதான்.

"நோட்டீஸ் எங்க?" என்றேன்.

"கள்ளிக்கு யாரு சார் நோட்டீஸ் குடுப்பாங்க? ஆக்கிரமிச்சவன்னு ஒருத்தன் இருந்தாத்தானே? வுடுங்க சார், ஜல்தியா போவணும்."

"இருக்கேனே. கள்ளிய வேலியா வெச்சு எடத்த வளைச்சுப் போட்டவன் நான்தான்."

ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன், நடுத்தெருவில் நின்று செய்யாத குற்றத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அரிவாள் திரும்பிப் போயிற்று.

எதிர்வீட்டு அம்மா விடவில்லை. "ரிட்டையர் ஆனவங்க பேரப் பசங்களப் பாத்துகினு இருப்பாங்க. நீங்க முள்ளப் பாத்துகினு இருக்கீங்க. என் பாவுக்கு என்ன சார் வழி?"

"குஞ்சு பறக்கற வரைக்கும் என் வாசல் பக்கமா கட்டுங்கம்மா."

கட்டினார். காலையில் பால் வாங்கப் பாவுக்கு அடியில் குனிந்து போய் வந்தேன்.

நோட்டீஸ் வந்தது, விளக்கம் தந்தேன். அகற்ற உத்தரவு வந்தது. கெடுவின் கடைசி நாளில் மேல்முறையீடு செய்தேன். என்னிடம் வேலை பழகியவர்களே ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் என் பெயரைப் பார்த்து நெளிந்தார்கள். நெளியட்டும். குடிசைக்காரன் மேல் மட்டும் ஓடத் தெரிந்த ஃபைல், ஒரு புறாவுக்காகக் கொஞ்சம் படுத்துக் கிடக்கட்டும்.

குஞ்சுகள் பறந்தன. சில நாளில் அந்த அம்மாவே கதவைத் தட்டினார்.

"பேஜாரா பூட்ச்சு சார். மறுபடியும் முட்டை."

"அப்ப பாவு?"

"உங்க வாசல்தான். வேற எங்க போவேன்? நீங்க குனிஞ்சே பழகிட்டீங்க."

மறு உத்தரவு வரும்வரை கள்ளியை வெட்டக்கூடாது என்று என் மேல்முறையீட்டுக்குப் பதில் கைக்கு வந்தது, தீபாவளிக்கு முதல் நாள்.