அம்மா கட்டத்தில் அப்பாவின் எண்

கட்டுமானத் தளத்தில் அவளுக்கு உச்சியக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்கத் தேவையும் இல்லை. எழும்பிக்கொண்டிருந்த இருபத்து நான்கு மாடிக் கட்டடத்தை ஒட்டி நின்ற கிரேனின் உச்சியில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லாத கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய அலுவலகம். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். தோளில் ஒரு பை, பைக்குள் தண்ணீரும் ரொட்டியும் ஒரு துண்டும். செல்போன் மட்டும் கீழே இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். கூண்டுக்குள் போன் கூடாது என்பது தளத்தின் முதல் விதி. இரண்டு டன் கான்கிரீட் ஆட்களின் தலைக்கு மேல் தொங்கும்போது யாருடைய போனும் அடிக்கக்கூடாது.

"அக்காவுக்கு எப்பவும் தலைக்கு மேல வேலை" என்று கம்பி கட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"எனக்கில்ல, உங்க தலைக்கு மேலதான் வேலை. ஹெல்மெட்டை ஒழுங்கா மாட்டுங்க" என்று வாக்கி-டாக்கியில் பதில் வரும்.

அதே கம்பெனியின் அலுவலகத்தில் சிமெண்ட் வண்டிகளின் ரசீதைத் தட்டச்சு செய்யும் வேலையில்தான் அவள் முதலில் சேர்ந்தாள். ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். பயிற்சிக்குப் போனாள், முதல் தேர்வில் தோற்றாள், இரண்டாவதில் உரிமம் வாங்கினாள். மகள் பிறந்து பத்து மாதத்தில் மறுபடியும் ஏணி ஏறினாள். அப்போதே ஊர் வாய் திறந்துவிட்டது. ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கணவனின் அக்கா, மாடி வீட்டுக்காரி, குழந்தைகள் காப்பகத்துப் பெண்மணி, அவ்வளவுதான். ஆனால் மூன்று பேர் போதும் ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுக்க.

மகளுக்கு இப்போது ஆறு வயது. வீட்டில் அவளைப் பட்டாசு என்பார்கள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், நின்றால் வெடிப்பாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பதினேழாம் மாடிக்குப் படிக்கட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள் உச்சியக்கா. முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் படிகள் அவை. விரலளவு தள்ளி இறங்கினாலும் பொருந்தாது. காற்று அடங்கியிருந்தது. கீழிருந்து சிக்னல் அண்ணன் "கொஞ்சம் வலது... இன்னும் கொஞ்சம்... இறக்கு" என்று சொல்லச் சொல்ல, முதல் நான்கு துண்டுகளும் வெண்ணெயில் கத்தி இறங்கினமாதிரி உட்கார்ந்தன. "கை வச்சா கை வச்சதுதான் அக்கா" என்றார் அவர். அவள் தனக்குள்ளேயே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குக் கொக்கியைத் திருப்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் பதினொரு தவறிய அழைப்புகள். பதினொன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து.

திரும்ப அழைத்தபோது எடுத்த பெண், "குழந்தை சறுக்குமரத்திலிருந்து விழுந்துடுச்சு. தாடையில தையல் போட்டிருக்கு. நீங்க வாங்க முதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இடுப்பில் கட்டிய பாதுகாப்பு வாரைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. கொக்கிகள் தொடையில் இடித்துக் கணகணவென்று சத்தம் போட, கிடைத்த வண்டியில் ஏறிப் பள்ளிக்கு ஓடினாள். அலுவலக அறையில் ஒரு நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். தாடையில் வெள்ளைக் கட்டு, சட்டைக் காலரில் காய்ந்த ரத்தம். அழுது முடித்த முகம். அம்மாவைக் கண்டதும் ஓடி வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து ஒரு பார்வை பார்த்தாள். உச்சியக்கா போய்த் தூக்கிக்கொண்டாள்.

பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அறையில் வேறு இரண்டு குழந்தைகளின் அம்மாக்களும் இருந்தார்கள். அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"பதினோரு தடவை கூப்பிட்டோம். ஒரு அம்மா போன் எடுக்காத அளவுக்கு அப்படி என்ன வேலை? எங்க டீச்சர் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. மூணு தையல். குழந்தை அம்மா அம்மான்னு துடிச்சிருக்கு."

டீச்சர் பக்கத்திலேயே நின்றார். அவருடைய சேலைத் தோளிலும் ரத்தம் இருந்தது. உச்சியக்கா அவர் கையைப் பிடித்து, "உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் மிஸ்" என்றாள். பிறகு பிரின்சிபலிடம் திரும்பினாள்.

"இவங்க அப்பாவைக் கூப்பிட்டீங்களா மேடம்?"

"அப்பாவையா?"

"ரெண்டு தெரு தள்ளித்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். நடந்து வந்தா ஆறு நிமிஷம். ஃபாரத்துல அவர் நம்பரை ரெண்டாவதா எழுதியிருக்கேன். மூணாவதா எங்க தளத்து ஆபீஸ் நம்பர். கூப்பிட்டிருந்தா வாக்கி-டாக்கியில சொல்லி என்னை இறக்கியிருப்பாங்க."

"அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? கடையில ஆள் வந்துட்டும் போயிட்டும் இருப்பாங்க."

"நான் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"

அந்த இரண்டு அம்மாக்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். பிரின்சிபல் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பள்ளி நேரம் முழுவதும் தொலைபேசியில் கிடைக்கும்படி இருப்பேன் என்று தாயாகிய நான் உறுதியளிக்கிறேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க" என்றார்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மகளைத் தூக்கியபடி வெளியே வந்தாள். தெருமுனை திரும்பும்வரை தலை நிமிர்ந்துதான் நடந்தாள். அதற்குப் பிறகு முடியவில்லை. மூடிக்கிடந்த ஒரு கடையின் வாசற்படியில் உட்கார்ந்து மகளின் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பதினொரு அழைப்புகளும் வந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. அங்கே மேலே, யாரும் அம்மா என்று கூப்பிடாத அந்த ஏழு மணி நேரம் அவளுக்குப் பிடிக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தாலும், ஒருத்திக்கு அந்த ஏழு மணி நேரம் இனிக்கலாம் என்று சொன்னால் கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

சாயங்காலம் கணவனின் அக்கா செய்தி கேட்டு வந்துவிட்டார். குழந்தையின் தாடையைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பொம்பளைப் புள்ளை முகத்துல தழும்பு விழுந்துடுச்சே. நான் அப்பவே சொன்னேன். வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்னு."

"இருக்கட்டும் அண்ணி. உங்க தம்பியை இருக்கச் சொல்லுங்க" என்றாள் உச்சியக்கா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"அவன் எப்படி இருப்பான்?"

"நான் இருக்கிறமாதிரிதான்."

அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். கணவன் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். நல்ல மனிதன். குடிப்பதில்லை, அதட்டுவதில்லை. குழந்தைக்குத் தலை சீவிவிட்டாலே தெருவே பாராட்டும். அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்தவளை யாரும் பாராட்டியதில்லை. அது அவன் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலை" என்றான். "வெறும் காகிதம்."

"வெறும் காகிதம்னா நீங்க போடுங்க."

"அதுல தாய்னு இல்ல போட்டிருக்கு?"

"அதைத்தான் சொல்றேன்."

அவனுக்குப் புரிந்தமாதிரியும் இருந்தது, புரியாதமாதிரியும் இருந்தது. "என்னைக் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்ல?" என்றான் சற்றுக் குற்ற உணர்வோடு.

"வந்திருப்பீங்க. அதனாலதான் கோபமே வருது" என்றாள் அவள்.

படுக்கையை விரித்து மகளைப் படுக்க வைத்தபோது, கட்டுக்கு மேலே வாயை அசைக்க முடியாமல் அவள் மெல்லக் கேட்டாள்: "நான் விழுந்ததை நீ பாத்தியாம்மா?"

உச்சியக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளி திறந்த முதல் நாள், மகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று கத்தியபோது, தூரத்தில் கூரைகளுக்கு மேலே தெரிந்த சிவப்புக் கிரேனைக் காட்டி அவள்தான் சொன்னாள்: "அம்மா அங்க இருந்து உன்னையே பாத்துட்டிருப்பேன். அழுதா தெரிஞ்சிடும்." அந்த நிமிடமே பிள்ளை கம்பியை விட்டது. வேலை முடிந்தது என்று அவளும் மறந்துவிட்டாள். பிள்ளை மறக்கவில்லை. இடைவேளைக்கு இடைவேளை அந்தச் சிவப்புக் கையைப் பார்த்துக் கையசைத்திருக்கிறாள்.

"ரத்தம் வந்தப்ப நான் அழல. நீ பாத்துட்டு இறங்கி வருவேன்னு நின்னுட்டே இருந்தேன். நீ கிரேனைத் திருப்பிட்டே."

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. எளிதான பொய்தான். மேகம் மறைத்துவிட்டது என்று சொன்னால் குழந்தை நம்பும். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா அன்னைக்குப் பொய் சொன்னேன் கண்ணு. அங்க இருந்து உன் ஸ்கூல் தீப்பெட்டி அளவுதான் தெரியும். மைதானத்தை மரம் மறைச்சிடும். உன்னை ஒரு நாளும் பாத்ததில்ல."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப நான் கையாட்டினது?"

"தெரியல."

"ஒண்ணுமா?"

"ஒண்ணுமே."

காலால் ஒரு உதை விழுந்தது, நேராக அவள் விலாவில். உச்சியக்கா வாங்கிக்கொண்டாள். இன்னொன்றும் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள். நகரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து அந்தக் கால் அவள் வயிற்றின்மேல் வந்து கிடந்தது. மகள் தூங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கணவனும் கூட வந்தான். வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கையெழுத்துப் போடாத தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் மேடம். போட்டா அது பொய். பள்ளி நேரத்துல என் கையில போன் இருக்காது. இருந்தா கீழ யாராவது சாவாங்க. முதல் நம்பரை மாத்துங்க. அவர் நம்பரைப் போடுங்க."

பிரின்சிபல் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் கணினியைப் பார்த்தார். "மேடம், இதுல முதல் கட்டத்துல அம்மான்னுதான் இருக்கு. அதை மாத்த முடியாது. மெசேஜ் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும்."

"சரி. அம்மா கட்டத்துல அப்பா நம்பரை அடிங்க" என்றாள் உச்சியக்கா.

"அது எப்படி..."

"பத்து இலக்கம்தானே. அம்மாவுதா அப்பாவுதான்னு கணினி மோந்தா பாக்கப்போகுது?"

கிளார்க் சிரிப்பை அடக்க இருமினார். பிரின்சிபலுக்குச் சிரிப்பு வரவில்லை. "பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறதை இவ்வளவு தைரியமா பேசுற அம்மாவை நான் பாத்ததில்ல" என்றார்.

உச்சியக்காவின் காது சூடேறியது. ஆனாலும் குரல் உயரவில்லை. "என் பொறுப்பு எதுன்னு எனக்குத் தெரியும் மேடம். நேத்து ராத்திரி அவகிட்ட உதை வாங்கினேன். இனியும் வாங்குவேன். அது எனக்கும் அவளுக்கும். ஆனா நீங்க நாலு பேர் முன்னாடி வச்சு என்னைக் கேட்ட கேள்வி இருக்கே, அதை இவர்கிட்ட ஒரு தடவை கேளுங்க. உங்களால முடியுதான்னு பாப்போம்."

பிரின்சிபல் கணவனைப் பார்த்தார். கேள்வி வரவில்லை. கணவனே முன்னால் வந்து, தன் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொன்னான். கிளார்க் அடித்தார்.

அடுத்த வாரமே கணவனுக்குப் புரிய ஆரம்பித்தது. பள்ளியிலிருந்து அழைப்புக்குமேல் அழைப்பு: தண்ணீர் பாட்டில் மறந்துவிட்டாள். நாளைக்கு மஞ்சள் அட்டை வேண்டும். பென்சில் பெட்டிக்குள் மண்புழு வைத்திருக்கிறாள். வயிறு வலிக்கிறதாம், இல்லை, இப்போது வலிக்கவில்லையாம். ஒருவருடைய கண்ணுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று முறை போன் அடித்து, வந்தவர் எழுந்தே போய்விட்டார்.

"இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?" என்றான் மலைத்துப்போய்.

"அஞ்சு வருஷமா" என்றாள் அவள். காப்பகத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

மறுநாள் கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: பதினைந்து நிமிடத்தில் வருகிறேன், பள்ளியிலிருந்து அழைப்பு.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் அவளைப் பற்றி இரண்டு நாள் ஓடியது. "சிலருக்குப் பிள்ளை ஒரு கேடா" என்று ஒருத்தி எழுதினாள். உச்சியக்கா அதைப் படித்தாள், குழுவை விட்டு வெளியேறவில்லை, பதிலும் போடவில்லை. அன்று அலுவலக அறையில் தொண்டையைச் செருமிய பெண் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை அறை நர்ஸாம். "நானும் அம்மா கட்டத்துல எங்க வீட்டுக்காரர் நம்பரைப் போட்டுட்டேன். அவர் மூணு நாளா என்கூடப் பேசல" என்று எழுதியிருந்தாள். "நாலாவது நாள் பேசுவார்" என்று பதில் போனது.

மகள் இடைவேளையில் கையசைப்பதை நிறுத்திவிட்டாள். அது உச்சியக்காவுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறாள், நீதான் பார்க்கவில்லையே என்ற முன்னுரையோடு. யார் யாரைக் கிள்ளினார்கள், தான் யாரைக் கிள்ளினாள் என்பதுவரை. தாடைத் தழும்பை வகுப்பில் காட்டி ஒரு ஆளுக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறாளாம்.

மாதத்துக்கு ஒரு முறை பெற்றோர் கூட்டம். இருவரும் மாற்றி மாற்றிப் போகிறார்கள். அவள் முறை வரும்போது வேலை உடுப்பிலேயே, வாரும் கொக்கியுமாக, தாழ்வாரமெல்லாம் கணகணக்க நடந்து போவாள். பிரின்சிபல் அறையைக் கடக்கையில் நின்று, "வணக்கம் மேடம்" என்பாள். அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாள்.