சிக்னல் அண்ணியின் வேன்

அந்தப் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்து எல்லோரும் பார்க்கப் போயிருந்த சமயம். கூட்டத்தில் ஒருவன், "வழி விடுங்கப்பா, சிக்னல் அண்ணி வர்றாங்க" என்று குரல் கொடுத்தான். பார்த்தால், நெடுநெடுவென்று ஒருத்தி பிளாஸ்க்கும் கையுமாக வருகிறாள். அறைக்குள் திரும்புவதற்கு முன்னால் வலது கையை லேசாக நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள். பின்னால் வந்தவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் கை காட்டியதே அவளுக்குத் தெரியாது. வேன் ஓட்டப் பழகிய புதிதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அடுப்படிக்குள் போவதென்றாலும் ஆளுக்கு முன்னால் கை போய்விடும். குரல் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். பெயர் வைத்தவனும் அவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள, கொழுந்தன் வைத்த பெயர் தெருத்தெருவாக நடமாடியது.

அவள், என் சின்ன மாமியாரின் அண்ணன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சுற்றி வளைத்துப் பார்த்தால் எங்களுக்குச் சொந்தம். நேராகப் பார்த்தால் யாரோ. உறவென்றால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவளுடைய வீட்டுக்காரருக்கு ஒரு பழைய வேன் இருந்தது. டயாலிசிஸ் கிளினிக்குக்கு வருகிற நோயாளிகளைக் காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. நல்ல மனிதர், பேச்சு குறைவு. அவருக்கு ஒரு கண் மங்கிப்போய், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இனி இது உன் வண்டி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

சிக்னல் அண்ணி அந்தச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருக்க வேண்டும். வாசல் சாவி, பீரோ சாவி, மாடி அறைச் சாவி, அவளிடம் முன்பே இருந்த வேன் சாவி, எல்லாம் ஒரே வளையம். இடுப்பில் செருகினால் மணி கட்டிய மாடு வருவதுபோல் சத்தம் கேட்கும் என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அடுத்த வாரமே வேன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பும். சரி, போகலாம் என்று கியரில் கை வைப்பதற்குள் பொக்கென்று அணைந்துவிடும். மறுபடி திருப்பினால் மறுபடியும் கிளம்பும், மறுபடியும் அணையும். சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சில நாள் தெருமுனையில் கழுத்தறுக்கும். உள்ளே நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் தப்பினால் அவர்களுக்கு மெஷின் கிடைக்காது. அடுத்தவர் ஏறிப் படுத்துவிடுவார்.

வேனில் வருகிற தையல்காரர் ஒருவர் வாயாடி. "அம்மா, வண்டி நம்ம ஜாதிதான். எழுந்திருக்கும், உடனே உட்கார்ந்துடும். அதையும் உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு மெஷின்ல படுக்க வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்காமல் மறுபடி சாவியைத் திருப்பினாள்.

கிளினிக் பொறுப்பாளர் அம்மாள் கெட்டவரில்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "பாரும்மா, உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வர்ற திங்கக்கிழமை பார்ப்பேன். அன்னிக்கும் லேட்டாச்சுன்னா வேற வண்டிக்குத்தான் கொடுப்பேன். இவங்க உயிர் சம்பந்தப்பட்டது" என்றார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தெருக்கோடியில் ஒர்க்‌ஷாப். கொழுந்தனும் அக்கம்பக்கத்து ஆட்களும் வேனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் சாவிக்கொத்து கொடுத்தாலும் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு, மீதிக் கொத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்போதோ ஒரு புண்ணியவான், "என் பீரோ சாவியைக் காணோம்" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருக்கிறான். அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு.

அவர் வண்டியில் சாவியைப் போட்டுத் திருப்பினார். இன்ஜின் கிளம்பியது. நின்று நிதானமாக ஓடியது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார், காற்று போகிற குழாயைச் சுத்தம் செய்தார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "அழுக்குதான் தங்கச்சி. இனி குதிரை மாதிரி ஓடும்" என்றார்.

வீட்டுக்கு வந்தாள், சாவியைக் கொத்தில் கோத்தாள். மறுநாள் காலை வேன் கிளம்பியது, அணைந்தது.

திரும்பவும் ஒர்க்‌ஷாப். அவர் கை பட்டதும் ஓடியது. பெட்ரோல் பம்பைப் பார்த்தார், ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. "எனக்கு ஓடுதேம்மா, நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?" என்றார். வேனை அங்கேயே விட்டுவிட்டு, கொத்தோடு வீடு திரும்பினாள்.

வீட்டில் பேச்சு வேறு திசையில் போய்விட்டது. நாத்தனார், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மெக்கானிக்குக்கு ஓடுது, உனக்கு ஓடலைன்னா கோளாறு வண்டியிலயா இருக்கும்?" என்றாள். கொழுந்தன் அவ்வளவு காரம் இல்லை. ஆனாலும், "அண்ணி, வருத்தப்படாதீங்க. வண்டிக்கு உங்க கை ஒத்துக்கல. வித்துடலாம், கேட்க ஆள் இருக்கு" என்றான். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான்தான் சரியாப் பராமரிக்கல" என்றார் மெதுவாக. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவளுக்கு, அவர் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் விடுமுறை. அண்ணி மெக்கானிக் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரரும் கூடவே நடந்து வந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. உங்களுக்கு ஓடுது, எனக்கு ஓடல. அப்போ நீங்க செய்யாத ஏதோ ஒண்ணை நான் செய்யறேன். நான் செய்யற மாதிரியே நீங்க ஒவ்வொண்ணா செஞ்சு காட்டுங்க. எங்க நிக்குதுன்னு பார்ப்போம்."

"சாப்பிடக்கூட விடமாட்டியா?" என்றார் அவர். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார். மனிதருக்கும் அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆணியிலிருந்த சாவியை எடுத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "சீட்டை முன்னால தள்ளுங்க. நான் அப்படித்தான் உட்காருவேன்." முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, தவளைபோல் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஓடியது. "பெல்ட்டைப் போடுங்க." ஓடியது. "ஃபேனைப் போடுங்க. என் கைப்பையைப் பக்கத்துல வைங்க." ஓடியது.

"புடவையும் கட்டிக்கணுமா?" என்றார் மெக்கானிக். வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். கண் மங்கிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

"அது வேண்டாம். இந்தக் கொத்துல மாட்டித் திருப்புங்க."

"சாவிக்கொத்துல என்ன தங்கச்சி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் செய்யறதுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

அவர் வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொத்தில் கோத்துத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. பொக்கென்று அணைந்தது.

மறுபடி திருப்பினார். கிளம்பியது, அணைந்தது. சாவியைக் கழற்றித் தனியாகப் போட்டார். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் கொத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிப் பார்த்தார். வீட்டுச் சாவிகளுக்கு நடுவில், கறுப்புத் தலையோடு அச்சு அசலாக இன்னொரு வேன் சாவி. நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அட, இது ரெண்டும் ஒண்ணாவா தொங்குது! தங்கச்சி, இந்தக் கறுப்புத் தலைக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்கு. திருட்டுச் சாவி போட்டா வண்டி ஓடக் கூடாதுன்னு வச்சது. சாவி போட்டதும் வண்டி 'நீ யாரு'ன்னு கேட்கும், சிப் பதில் சொல்லணும். இங்க ரெண்டு சிப்பும் பக்கத்துல பக்கத்துல இருந்து ஒரே நேரத்துல பதில் சொல்லுது. ரெண்டு சம்பந்தி ஒரே போன்ல பேசினா என்ன புரியும்? திருடன்னு நினைச்சு அணைச்சுடுது. சாவி கொஞ்சம் விலகித் தொங்குற அன்னிக்கு ஓடும்." பிறகு தன்னையே நொந்துகொண்டார். "நான் ஒரு மடையன். கொத்தைப் பிரிச்சு உன்கிட்டயே கொடுத்துட்டு, கோளாறைத் தேடியிருக்கேன். சரி, இதுக்குன்னு ஒரு விளக்கு மின்னணுமே, எங்க அது?"

டேஷ்போர்டின் மூலையில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. உரித்தார். அடியில், சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வண்டி நிக்கறப்பக்கூட அது மின்னிட்டே இருந்துச்சு. பேட்டரி தீர்ந்துடுமோன்னு நான்தான் ஒட்டினேன்."

"அண்ணே, விளக்குமேல டேப் ஒட்டினா விளக்கு அணைஞ்சுடுமா?" என்று மெக்கானிக் கேட்க, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அண்ணி கொத்திலிருந்து அவருடைய சாவியைக் கழற்றினாள். அவர் அதைக் கொடுத்து, அவள் கொத்தில் கோத்த பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவரிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு? நான்தான் ஓட்ட முடியாதே."

"ஓட்டவா சொன்னேன்? நான் தொலைச்சுட்டா யார்கிட்ட வந்து நிப்பேன்? நாளைக்குக் கூட வாங்க. தையல்காரர் ஏறுறப்ப கை கொடுக்க ஆள் வேணும்."

அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து, மறுபடி கிளப்பினாள். தையல்காரர் வாசலில் அணைத்தபோது அவர் கைத்தடியோடு நின்று, "இன்னிக்கும் நான்தான் தள்ளணுமா?" என்றார். "ஏறுங்க முதல்ல" என்று வீட்டுக்காரர் கை கொடுத்தார். அண்ணி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் கிளம்பியது. அது அணையவில்லை. கிளினிக் வாசலில் பொறுப்பாளர் அம்மாள் வெளியே வந்து நிற்பதற்கு முன்பே வேன் போய் நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "இறக்கி உள்ள கூட்டிட்டு வாங்க, மெஷின் தயாரா இருக்கு" என்றார். வேறு வண்டி என்ற பேச்சு அதோடு நின்றது.

சிக்னல் அண்ணி இப்போது அதே கிளினிக்குக்கு, அதே வேனைக் காலையும் மதியமும் ஓட்டுகிறாள். வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய், ஏறுபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.