உபதேசியார் வீட்டுத் துக்கம்

வடுகபட்டிக் கிறிஸ்தவச் சபைக்குப் பிச்சைமணிதான் உபதேசியார், போதகருக்குக் கீழ இருந்து சபையைப் பாத்துக்கிறவர். வடுகபட்டி மட்டுமா, சுத்துப்பட்டு மூணு ஊர்ச் சபையும் அவர் தலையிலதான். ஞாயித்துக்கிழமை இங்கன ஆராதனை, புதன்கிழமை கெங்குவார்பட்டியில செபக்கூட்டம். மத்த நாளெல்லாம் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுல சண்டைன்னு நடையா நடக்கணும். பன்னெண்டு வருசத்துல ஒரு நாள் முடியலைன்னு சொன்னவர் இல்லை. பொஞ்சாதி ஞானசெல்வியும் மக ராஜாத்தியும் அவரைப் பாக்குறதுதான் அபூர்வம்.

வெள்ளைக்காரன் காலத்துல, முப்பத்தெட்டாம் வருசம் ஐப்பசியில எங்க பாத்தாலும் குளிர்காய்ச்சல். கெங்குவார்பட்டியில வீட்டுக்கு ஒருத்தர் படுத்துட்டாக. காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா மாத்திரையும் வேதப்புத்தகமுமா அவர் அங்கனயே கிடந்தார். அஞ்சு வயசு ராஜாத்திக்கும் காய்ச்சல்னு ஆள் வந்து சொன்னப்ப, "நாளைக்கு வந்துர்றேன்"னார். வந்தது மூணாம் நாள். பிள்ளை அவரைப் பாத்துச்சு, பேசலை. மறுநா விடியுறதுக்குள்ள போயிருச்சு.

அடக்கத்துக்குப் பெரியகுளத்துல இருந்து போதகர் ஐயா வரணும். அவருக்கும் காய்ச்சல். வேற யாரு செய்வா? பிச்சைமணியே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு, புத்தகத்தைப் பிரிச்சு நின்னார். வாசிச்சார், பாடினார், ஒரு வார்த்தை இடறலை. "துக்கத்துல இருக்கிற இந்தக் குடும்பத்தாரைத் தேத்தும் ஆண்டவரே"ன்னு செபமும் பண்ணினார், யாரோ வீட்டுக்குப் பண்ற மாதிரி. முதல் பிடி மண்ணு தகப்பன் போடணும். தகப்பன் கையில புத்தகம் இருந்ததால தாய்மாமன் சுயம்புலிங்கம் போட்டான்.

அதோட விட்டிருந்தாலும் தேவலை. எல்லா அடக்கத்துலயும் செய்யிற மாதிரியே தாய்க்காரிகிட்ட வந்து நின்னு, "அழாதீங்கம்மா. சபையார் நாங்கல்லாம் இருக்கோம்"னார். அட மனுசா, அது உம்ம பொஞ்சாதியய்யா! ஞானசெல்வி நிமிந்து பாத்தா. "சரிங்க உபதேசியாரே"ன்னா.

அன்னையில இருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டா. "உபதேசியாரே, சோறு வச்சிருக்கேன்." "உபதேசியாரே, வெந்நி காஞ்சிருச்சு." குரல்ல கோபம்கூட இல்லை. கேக்குறவுகளுக்குச் சுருக்குங்கும், அவருக்குத் தைக்கலை. அழுகையும் வரலை. மரத்துப்போன காலை ஊண்டி நடக்குற மாதிரி சபை வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். உப்பு இருந்துச்சா இல்லையான்னு தெரியாது. கொடியில பிள்ளையோட பாவாடை கிடந்துச்சு. அதை ஒதுக்கிவிட்டுட்டுத் தன் வேட்டியைக் காயப் போட்டார்.

தை மாசம் ஒரு புதன்கிழமை போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். பிச்சைமணியைப் போதகராக்கலாம்னு மதுரைச் சபைக் கமிட்டியில பேச்சாம். இத்தனை வருச உழைப்புக்கு அவர் ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். ஆனா சபையை நடத்த வர்றவன் முதல்ல தன் குடும்பத்தை நல்லா நடத்துறவனா இருக்கணும்னு வேதம் சொல்லுதே. அதைப் பொஞ்சாதிகிட்டக் கேட்டு எழுதி அனுப்புறது கமிட்டி வழக்கம். அவ ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா எல்லாம் போச்சு.

"வழக்கத்துக்குத்தான் கேக்குறேன் தாயி. வீட்டுல இவர் எப்படி?"ன்னு பேனாவைத் திறந்தார் ஐயா.

ஞானசெல்வி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா.

"எங்க உபதேசியாரைக் குறை சொல்லக் கூடாதுங்கய்யா. எம் மக செத்த அன்னைக்கு வந்து நின்னு எல்லாம் முறையாச் செஞ்சாக. எனக்கு ஆறுதலும் சொன்னாக. எம் புருசன்தான் இன்னும் வரலை."

ஐயா எழுதலை. பிச்சைமணிதான், "ஐயா, அந்தக் காயிதத்தை மடிச்சு வச்சிருங்க. இன்னைக்குக் கெங்குவார்பட்டிக்கும் நான் போகலை"ன்னார்.

ஐயா போன பொறவு அவ பக்கத்துல தரையில உக்காந்தார். "நான் வர்றதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு நாளும், பிள்ளை என்ன கேட்டுச்சு?"ன்னார்.

அவ சொல்ல ஆரம்பிச்சா. சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் குரல் உடைஞ்சுச்சு. அவர் எந்திரிக்காம, ஒண்ணு விடாமக் கேட்டார். அழுகை அப்பவும் வரலை.