களிமண்ணில் ஓடிய கிள்ளான் ஆறு

இந்த எண்பத்தைந்து வயதில், போன வாரம் சுபாங் ஜெயாவில் கொள்ளுப்பேத்தியின் பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியை பிள்ளைகள் கையில் களிமண்ணைக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் புது முறை, பாட்டி" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த ஈர வாசம் எனக்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வாசம்.

1930களின் தொடக்கத்தில், ரயில்வே தொழிலாளர் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளி ஒன்றில் அங்கே உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். வயது இருபது, தைரியத்துக்குக் கையில் ஒரு பிரம்பு. தலைமையாசிரியர் கவிஞர். உள்ளூர்ப் பத்திரிகையில் வெண்பா எழுதுவார். முதல் நாளே என் பிரம்பை வாங்கி, ஜன்னல் திரை தொங்கவிடச் செருகிவிட்டார்.

ஐரோப்பியத் தத்துவஞானி ஒருவரின் நூலை ஆங்கிலத்தில் படித்து மயங்கியிருந்தார் அவர். குழந்தைக்கு முதலில் உலகத்தைக் காட்டு, புத்தகம் பிறகு வரட்டும் என்பது அதன் சாரம். நானும் இரவல் வாங்கிப் படித்தேன். பெண்களைப் பற்றிய பகுதி வந்ததும் கோபம் பொங்கியது.

"பொண்ணு ஆம்பளைக்குப் பணிவிடை செய்யத்தான் படிக்கணுமாம். இவரையா கொண்டாடுறீங்க, சார்?"

"அந்த எடத்துல அவருக்கு நாமதான் பாடம் எடுக்கணும், டீச்சர்" என்றார். மறுநாளே வீடு வீடாக நடந்து ஆறு பெண் பிள்ளைகளை அழைத்துவந்தார். அந்தத் துணிச்சல் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

பள்ளிக் குழுவினர் கொதித்தார்கள். 'பொட்டப் புள்ளைங்களையும் சேத்துக்கிட்டு சகதியில விளையாட விடுறாரு' என்று புகார் போயிற்று. தமிழ் கற்ற வெள்ளைக்காரப் பள்ளி இன்ஸ்பெக்டர் ஒருநாள் சொல்லாமல் வந்து நின்றார். வகுப்பில் நான் மட்டும்.

"பிள்ளைகள் எங்கே?"

 பழைய செங்கல் சூளைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனேன். இருவருக்கும் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அங்கே முழங்கால் வரை சேற்றோடு கவிஞர். பிள்ளைகள் மலையிலிருந்து கடல்வரை கிள்ளான் ஆற்றைக் களிமண்ணில் செய்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு எங்கே போகிறது என்று எட்டு வயது அஞ்சலையைக் கேட்டார் இன்ஸ்பெக்டர் துரை.

"கடலுக்குத்தான், தொரை. ஆனா பெரிய மழைன்னா மொதல்ல எங்க வீட்டுக்குள்ள வருது. இந்த வளைவப் பாருங்க." தேங்காய்ச் சிரட்டையிலிருந்த தண்ணீரைச் சாய்த்தாள். கரை உடைந்தது.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். "இன்னொரு முறை ஊற்று."

கால அட்டவணையை மீறியதாக அறிக்கையில் ஒரு வரி, அவ்வளவுதான். கவிஞரின் வேலை பிழைத்தது.

அடுத்த ஆண்டு ஆட்குறைப்பில் அஞ்சலையின் அப்பாவுக்கு வேலை போய், குடும்பமே தமிழகத்து ஊருக்குக் கப்பலேறியது. வழியனுப்பப் போன கவிஞரிடம் அவள், "அங்க பொண்ணுங்களச் சேத்துக்குவாங்களா, சார்?" என்று கேட்டாள். 

பள்ளம் மேடாகிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லை. அவர் வெண்பாக்கள் வந்த பத்திரிகையில் ஒரு தாளைக்கூட யாரும் வைத்திருக்கவில்லை. அஞ்சலையை அங்கே எந்தப் பள்ளியாவது சேர்த்துக்கொண்டதா என்று சொல்லவும் இன்று ஆளில்லை.