பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

முண்டியம்பாக்கத்தில், மருத்துவக் கல்லூரிக்கு எதிரே நானும் அண்ணியும் ஜெராக்ஸ் கடை நடத்துகிறோம். பட்டப்படிப்பை முடித்துக் கடைக்கு வந்ததும் நான் செய்த முதல் மாற்றம், கணினியில் கோப்புப் பெயரின் இறுதியில் மறைந்திருந்த நீட்சியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, வெளியே தெரியும்படி வைத்தது. ஒரு கோப்பு படிக்கும் ஆவணமா, தானே இயங்கும் நிரலா என்பதை அந்தச் சில எழுத்துகளே சொல்லும். மேலே தெரியும் சின்னத்தை எவரும் மாற்றி வைக்கலாம்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. பெயர் மாற்றும்போது நீட்சியும் அழிந்துபோனால் கோப்பு திறக்காது. வாடிக்கையாளர்கள் காத்து நிற்பார்கள்.

"நல்லா ஓடிக்கினு இருந்த கம்ப்யூட்டரு. படிச்சவ வந்து பேஜாரு பண்ணி வச்சிட்டா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

அதில் நியாயம் இருந்தது. ஆனால், எங்களிடம் வரும் பென்டிரைவ்கள் விடுதி அறைகளுக்கெல்லாம் திரும்பிச் செல்பவை. இங்கே பிசகினால் யார் யாருடைய உழைப்பு பாழாகும் என்று எண்ணியே நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு பிற்பகல், திண்டிவனத்திலிருந்து பேருந்தில் வந்த முதுநிலை மாணவி ஒருவர் பென்டிரைவை நீட்டினார். ஆய்வேட்டை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். மடிக்கணினி பழுதாகிவிட்டதால் வேறு பிரதி கிடையாது.

"ஜல்தி ஓபன் பண்ணுங்கக்கா. ஊர்ல ஒரு கடையில தொறந்தாங்க, ஒண்ணுமே வரல."

திரையில் ஒரேயொரு மஞ்சள் ஃபோல்டர். அண்ணியின் விரல் சொடுக்காமல் சுட்டியின் மேலேயே நின்றது.

"இரும்மா. ஃபோல்டருக்குப் பின்னாடி எதுக்கு 'இ எக்ஸ் இ'ன்னு வருது?"

"ஃபோல்டர்தானக்கா. மஞ்சளா இருக்குதே."

"வெள்ளைக் கோட்டு மாட்டிக்கினு வர்றவங்க எல்லாம் டாக்டராம்மா?"

அந்தப் பெண் தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அண்ணி என்னை அழைத்தார். ஃபோல்டருக்கு நீட்சியே கிடையாது; அந்த மூன்று எழுத்து இயங்கும் நிரலுக்கு உரியது. மறைந்த கோப்புகளையும் காட்டச் செய்தேன். உண்மையான ஃபோல்டர் மங்கலாகத் தோன்றியது. வைரஸ் அதை ஒளித்துவிட்டு, அதன் பெயரோடும் சின்னத்தோடும் தான் உட்கார்ந்திருந்தது. போலியை நீக்கிச் சோதித்த பிறகு திறந்தோம். ஆய்வேடு ஒரு பக்கமும் குறையாமல் இருந்தது.

பைண்டிங் முடிந்ததும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாணவி சாலையைக் கடந்தார். நேரத்தோடு ஒப்படைத்துவிட்டு, திரும்பி வந்து நன்றி சொன்னார்.

"உன் லேப்டாப்பும் சரியாகி வரட்டும், அதுலயும் பேருக்குப் பின்னாடி எழுத்து தெரியற மாதிரி வச்சுத் தர்றேன்" என்றார் அண்ணி. "யாரு கத்துக் குடுத்ததுன்னு கேட்டாங்கன்னா, எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு."

கற்றுக் கொடுத்தது நான்தான். ஆனால் அவசரத்தின் நடுவில் நின்றது அவருடைய விரல். அந்தப் பெருமை அவருக்கே உரியது.